வாயில் வைக்கும் பட்டு: குழந்தைகளின் விளையாட்டுத் துணி பற்றி ஓர் ஆய்வு

நாட்றம்பள்ளிக்காரர்கள் துணி எடுக்க மேற்கே பர்கூருக்கு பஸ் ஏறுவார்கள். செருப்பு, ஷூ என்றால் கிழக்கே ஆம்பூர். பட்டு என்ற சொல் வந்தால் அது கல்யாணப் பேச்சு. அதற்குக் காஞ்சிபுரமோ ஆரணியோ போக வேண்டும். மூன்று வயதுக் குழந்தை விளையாடப் பட்டுத்துணி வேண்டும் என்று எந்தக் கடையில் கேட்டாலும், "பட்டுப் பாவாடையா, எந்த சைஸ்?" என்பதுதான் பதிலாக வரும்.

இல்லை, பாவாடை இல்லை. தைத்த உடுப்பு எதுவும் இல்லை. சுமார் 35 அங்குலச் சதுரத்தில் ஒரே நிறத்தில் ஒரு மெல்லிய பட்டு. படம் இல்லை, ஜரிகை இல்லை, ஓரம் மட்டும் சுருட்டித் தைத்திருக்கும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மழலையர் பள்ளிகளில் இதற்குத் தனி இடம் உண்டு. ஜோலார்பேட்டையில் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகள் வழியாகவும், வெளிநாட்டில் குடியேறிய மகள்கள் வழியாகவும் இப்போது இந்தப் பக்கத்து வீடுகளுக்கும் அது வந்து சேர்கிறது. "குழந்தைக்கு விளையாடப் பட்டாம்மா? துணி துவைக்கிற எனக்குத்தான் தெரியும்" என்று ஆயாக்கள் சிரிக்கிறார்கள்.

சிரிப்பு நியாயமானது. ஆனால் சிரித்துவிட்டு விடக்கூடிய கேள்வி இல்லை இது. குழந்தைக்கு இப்படி ஒரு துணி தேவையா? தேவையென்றால் பட்டுத்தான் வேண்டுமா? வாங்குவதா, வீட்டிலேயே செய்துகொள்வதா? இந்தக் கேள்விகளை மற்ற ஊர்களைவிட, தோல் தொழிலில் ஊறிய வாணியம்பாடி, ஆம்பூர், நாட்றம்பள்ளி வட்டாரம் கூர்மையாகக் கேட்க முடியும். காரணம், சாயம் என்றால் என்ன, அது எங்கே போய்ச் சேரும் என்பதை அரை நூற்றாண்டாகப் பட்டுத் தெரிந்துகொண்ட மண் இது.

துணியில் என்ன விளையாட்டு?

மூன்று வயதுக் குழந்தையின் கையில் ஒரு துண்டைக் கொடுத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்து பார்த்தால் போதும். முதலில் தலையில் போட்டுக்கொள்ளும், உலகம் மறையும், எடுக்கும், உலகம் திரும்பும். பிறகு அது பொம்மைக்குத் தூளியாகும். இரண்டு நாற்காலிக்கு நடுவில் கட்டினால் வீடு. இடுப்பில் செருகினால் புடவை, முதுகில் போட்டால் இறக்கை, தரையில் விரித்தால் ஏரி. நான்கு பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராகப் பிடித்துக்கொண்டால் அதுவே ரயில். ஜோலார்பேட்டை ஜங்ஷன் பக்கத்தில் வளரும் பிள்ளைகளுக்கு ரயில் இல்லாத விளையாட்டு ஏது?

பேட்டரி போட்ட கார் காராக மட்டுமே இருக்கும். துணிக்கு அப்படித் தீர்மானமான உருவம் கிடையாது. குழந்தை எதை நினைக்கிறதோ அதுவாகும். ரஷ்ய உளவியலாளர் வைகோட்ஸ்கி, குச்சியைக் குதிரையாக்கி ஓட்டும் குழந்தையை எடுத்துக்காட்டி, பொருளிலிருந்து பொருளின் அர்த்தத்தைப் பிரித்தெடுக்கும் பயிற்சியே அது என்றார். 1971இல் சைமன் நிக்கல்சன் என்ற பிரிட்டிஷ் கலைஞர், குழந்தைகளின் படைப்பூக்கம் அவர்கள் இஷ்டப்படி மாற்றிக்கொள்ளக் கிடைக்கும் உதிரிப் பொருள்களைப் பொறுத்தது என்று எழுதினார். நம் வீடுகளில் இதற்கு ஆராய்ச்சி தேவைப்படவில்லை. சொப்புச் சாமானும் அம்மாவின் பழம்புடவையும் இருந்தால் ஒரு மத்தியானம் ஓடிவிடும்.

எனவே முதல் கேள்விக்கு விடை எளிது: துணி தேவைதான். புதிதாக வந்தது பட்டும் அதன் விலையும் மட்டுமே.

சிகரெட் தொழிற்சாலையில் தொடங்கிய கதை

பட்டுச் சதுரத்தின் பூர்வீகம் நம் வட்டாரத்துக்கு அந்நியமானதல்ல. 1919இல் ஜெர்மனியின் ஸ்டட்கார்ட் நகரில் வால்டார்ஃப்-அஸ்டோரியா என்ற சிகரெட் தொழிற்சாலையின் உரிமையாளர் எமில் மோல்ட், தம் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளி தொடங்கினார். பாடமுறையை வகுத்தவர் ருடால்ஃப் ஸ்டைனர். வால்டார்ஃப் கல்வி என்ற பெயர் அந்தத் தொழிற்சாலையிலிருந்தே வந்தது. முழுமையாகச் செய்து முடிக்காத, இயற்கைப் பொருளாலான பொம்மைகளே சின்னக் குழந்தைக்கு ஏற்றவை என்பது அந்தப் பள்ளிகளின் கொள்கை. மரக்கட்டை, கம்பளி, சிப்பி இவற்றோடு சாயமிட்ட பட்டும் பருத்தியும் அப்படித்தான் வகுப்பறைக்குள் வந்தன. பின்னாளில் அது தனி வியாபாரமாக வளர்ந்தது.

பீடி சுற்றும் கைகளும் ஷூ தைக்கும் கைகளும் நிறைந்த நம் பகுதிக்கு இந்தத் தொடக்கம் நினைவில் வைக்கத்தக்கது. இன்று பணக்காரப் பொம்மையாகத் தெரிவது, ஆலைத் தொழிலாளியின் பிள்ளைக்காக எழுந்த ஒரு கல்வி மரபின் பொருள்.

துணியைத் தொட்டுப் பழகும் இன்னொரு வழி தமிழ்நாட்டுக்கு முன்பே வந்துவிட்டது. மரியா மாண்டிசோரி 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து பிரம்மஞான சபை வளாகத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். போர் காரணமாக 1946 வரை இந்தியாவிலேயே இருந்தார். அவருடைய சாதனங்களில் ஒன்று துணிப்பெட்டி. பட்டு, பருத்தி, கம்பளி, வெல்வெட் என வகைக்கு இரண்டு துண்டுகள் இருக்கும். குழந்தை கண்ணைக் கட்டிக்கொண்டு விரலால் தடவியே ஜோடி சேர்க்க வேண்டும். பட்டின் பயனை மிகச் சிக்கனமாகக் காட்டியவர் அவர் என்பேன்: உள்ளங்கை அளவுத் துண்டே போதும் என்று செய்துகாட்டினார்.

ஒரு சதுரத்தின் கணக்கு

பட்டின் கனத்தை உலகச் சந்தையில் மோமே என்ற ஜப்பானிய அளவால் சொல்வார்கள். ஒரு மோமே என்றால் சதுர மீட்டருக்கு 4.34 கிராம். விளையாட்டுப் பட்டு பெரும்பாலும் 5 முதல் 8 மோமே இருக்கும். ஹபுடாய் என்று பெயர், அதிகம் வருவது சீனாவிலிருந்து. 8 மோமேயில் 35 அங்குலச் சதுரம் ஒன்று 27 கிராம் சொச்சம்தான் எடை. ஊதினால் பறக்கும், மேலே எறிந்தால் மெதுவாக இறங்கும். அந்த மெதுவான இறக்கத்தைத்தான் குழந்தை விரும்புகிறது. நம் காஞ்சிப் பட்டின் கனம் இதைப்போல் மூன்று மடங்கு. அதை எறிந்தால் பொத்தென்று விழும்.

இந்த 27 கிராமுக்குப் பின்னால் எத்தனை புழு? பட்டிழையின் மேல் செரிசின் என்ற பசை இருக்கிறது. சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்கவைத்து அதை நீக்கும்போது எடையில் ஏறக்குறைய கால் பங்கு போய்விடும். ஆகவே தொடக்கத்தில் சுமார் 36 கிராம் கச்சாப்பட்டு வேண்டும். ஒரு கிலோ கச்சாப்பட்டுக்கு நல்ல வெண்கூடு ஆறரை, ஏழு கிலோ ஆகும். கூடு ஒன்று இரண்டு கிராமுக்குச் சற்றுக் குறைவு. கூட்டிக் கழித்தால் ஒரு சதுரத்துக்குச் சுமார் 130 கூடுகள். அந்த இழைகளைப் பிரித்து ஒன்றோடொன்று முடிந்து, நாட்றம்பள்ளியில் ஒரு நுனியைக் கட்டிவிட்டு நெடுஞ்சாலையோடு நடந்தால் ஓசூரைத் தாண்டியும் இழை மிச்சமிருக்கும்.

130 புழுக்களும் கூட்டுக்குள்ளேயே வெந்நீரிலோ ஆவியிலோ சாகின்றன. இந்த உறுத்தல் நம்மிடம் புதிதில்லை. காஞ்சிப் பெரியவர் சந்திரசேகரேந்திர சரஸ்வதி, பட்டுக்குப் பேர்போன அந்த ஊரிலிருந்தே, பட்டுடுத்த வேண்டாம் என்று பெண்களைக் கேட்டுக்கொண்டவர். அந்துப்பூச்சி வெளியேறிய பின் கூட்டை நூற்கும் அகிம்சைப் பட்டை ஹைதராபாத்தின் குசும ராஜையா பரப்பினார். அறுந்த இழைகளைச் சேர்த்து நூற்பதால் அது சற்றுச் சொரசொரப்பாக, மங்கலான பளபளப்போடு இருக்கும். குழந்தை "பட்டு எங்கிருந்து வருது?" என்று கேட்கும் வயது சீக்கிரம் வந்துவிடும். பதிலைத் தயாராக வைத்துக்கொண்டே வாங்குவது நல்லது.

வாங்குவதென்றால்

நான்கு வழிகள் இருக்கின்றன.

முதலாவது, சாயமிட்டுத் தைத்து டப்பாவில் வரும் இறக்குமதிச் சதுரம். சிரமம் இல்லை, விலை அதிகம். கூடு விளையும் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களை ஒட்டி வாழ்ந்துகொண்டு, சீனத்தில் நெய்து வேறு கண்டத்தில் சாயமேற்றிய பட்டை விமானத்தில் வரவழைப்பது ஒரு வேடிக்கையும்கூட.

இரண்டாவது, பெங்களூரு சிக்பேட்டையில் மீட்டர் கணக்கில் கிடைக்கும் வெள்ளைப்பட்டு. மைசூர்ப் பக்கத்துக் கிரேப், ஜார்ஜெட், ஷிஃபான் வகைகள் மெல்லியவை. கிரேப் சற்றுச் சுருக்கம் உள்ளது, வழுக்காது; சின்னக் கைக்கு அது வசதி. சாயமிடாத துணியாகக் கேட்டு வாங்கினால் நிறம் நம் பொறுப்பில் வந்துவிடும்.

மூன்றாவது, நெசவு ஊர்களில் கிடைக்கும் துண்டுப்பட்டு: ரவிக்கைத் துண்டு, தறியில் மிஞ்சியது, பழுதுபட்ட கஜம். ஆரணியிலும் காஞ்சியிலும் பழகிய வியாபாரி இருந்தால் கிடைக்கும். கனம் கூடுதல், பறக்காது. ஆனால் பொம்மைத் தூளிக்கும் தொட்டுப் பார்க்கவும் பிரமாதம்.

நான்காவது, ஜவுளிக் கடைகளில் "சில்க்" என்ற பெயரில் கிடைக்கும் பளபளத் துணி. இதில் பெரும்பகுதி பாலியஸ்டர். விலை குறைவு, நிறம் அள்ளும். ஆனால் வேர்வையை உறிஞ்சாது, வெயிலில் புழுங்கும். நெருப்புப் பட்டால் உருகித் தோலில் ஒட்டும். விளக்கேற்றும் வீட்டில் குழந்தை தலைமேல் போட்டுக்கொள்ளும் துணி அப்படி இருக்கக் கூடாது.

எது எதுவென்று அறிய, ஓரத்திலிருந்து நான்கு நூல் உருவி, குழந்தை இல்லாத இடத்தில், இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பார்க்க வேண்டும். பட்டு சோம்பலாக எரியும். சுடரை எடுத்ததும் அணையப் பார்க்கும். மிஞ்சும் கரி விரலில் பொடியாகும். வாடை, முடி கருகும் வாடை. தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்தவர்களுக்கு அதை விளக்கவே வேண்டாம். தோலும் முடியும் பட்டும் புரதம், மூன்றும் ஒரே வாடையில்தான் கருகும். பாலியஸ்டர் சுருண்டு, கருத்த மணியாக இறுகிவிடும். சோதிக்க மனமில்லாதவர்கள் மத்தியப் பட்டு வாரியம் 2004இல் கொண்டுவந்த சில்க் மார்க் முத்திரையைப் பார்த்து வாங்கலாம். அந்த முத்திரை பட்டு அசல் என்று மட்டுமே சொல்லும். சாயத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

பீரோவுக்குள் இருக்கும் பட்டு

வாங்காமலே கிடைக்கும் பட்டு ஒவ்வொரு வீட்டுப் பீரோவிலும் இருக்கிறது. மடிப்பில் இற்றுப்போன முகூர்த்தப் புடவையை உடுத்தவும் முடியாது, தூக்கிப்போடவும் மனம் வராது. ஐந்தரை மீட்டர் புடவையில் முந்தானையையும் இரண்டு கரைகளையும் நீக்கினால் நடு உடலில் நான்கைந்து சதுரம் தேறும். இற்ற மடிப்புகளைத் தவிர்த்தால் மூன்று நிச்சயம்.

வெட்டும்போது மூன்று விஷயங்களில் கவனம் வேண்டும். ஒன்று, ஜரிகை. வெள்ளியானாலும் செம்பானாலும் பிரிந்த ஜரிகை நுனி குழந்தையின் உதட்டைக் கீறும். புட்டா இல்லாத பகுதியாகப் பார்த்து எடுக்க வேண்டும். இரண்டு, ஓரம். கையால் சுருட்டித் தைப்பது அழகு. நேரமில்லையென்றால் ஃபால்ஸ் வைக்கும் கடையில் பீக்கோ போட்டுத் தருவார்கள். அரை மணி வேலை. தொங்கும் நூல் ஒன்றுகூட இருக்கக் கூடாது.

மூன்றாவதுதான் பலரும் மறப்பது: அந்துருண்டை. பீரோவில் நாப்தலின் உருண்டையோடு பல வருஷம் கிடந்த பட்டை அப்படியே குழந்தையிடம் தரவே கூடாது. ஜி6பிடி என்ற நொதிக் குறைபாட்டோடு பிறந்த சிசுக்களுக்கு நாப்தலின் ஆவி பட்டாலே ரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து மஞ்சள் காமாலை கடுமையாகலாம். பழைய துணியைக் குழந்தைக்குச் சுற்றும்முன் நன்றாகத் துவைத்து, வாடை முற்றிலும் போகும்வரை பல நாள் காற்றாட விட வேண்டும். வாடை போகாவிட்டால் அந்தப் புடவை விளையாட்டுக்கு ஆகாது. இனி உள்ளே வைப்பதற்கு, நம் பாட்டிமார் வைத்த வசம்பும் வேப்பிலையும் போதும்.

நிறம் என்ற கேள்வி

இனிதான் விஷயம். மூன்று வயதுவரை குழந்தைக்கு வாய் ஒரு மூன்றாவது கை. துணியை மெல்லும், சப்பும், நனைத்து உறிஞ்சும். அப்போது பட்டு நல்லதா கெட்டதா என்பதைத் தீர்மானிப்பது அதன் சாயம்.

இந்த வட்டாரம் இதை ஜெர்மனியிடம் பாடமாகக் கற்றது. 1989 முடிவில் ஜெர்மனி, பென்டாகுளோரோபீனால் என்ற பூஞ்சைக்கொல்லி கலந்த தோலுக்குத் தடை விதித்தது. வட ஆற்காட்டுத் தோல் ஏற்றுமதி ஆட்டம் கண்டது. 1994இல் அடுத்த அடி: உடைந்து புற்றுநோய் விளைவிக்கும் அமீன்களைத் தரக்கூடிய அசோ சாயங்களுக்குத் தடை. பின்னர் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் வந்த விதிப்படி, தோலோடு உரசும் துணியிலும் தோல் பொருளிலும் அத்தகைய அமீன் கிலோவுக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. இந்தியாவும் 1990களில் 112 சாயங்களைத் தடை செய்தது. ஏற்றுமதிச் சரக்குக்குச் சோதனைச் சான்று கேட்காத ஆளில்லை. ஆனால் வாரச்சந்தையில் நம் பிள்ளைக்கு வாங்கும் சிவப்புத் துணிக்கு எந்தச் சான்றையும் நாம் கேட்பதில்லை. வெளிநாட்டுக் கால்களுக்குக் காட்டிய அக்கறையை உள்ளூர் வாய்களுக்குக் காட்டத் தவறினோம்.

சாயம் துணியில் பாதி, தண்ணீரில் பாதி. அந்த இரண்டாவது பாதியின் கதை, தோல் ஆலைக் கழிவு கலந்த நம் பாலாறு. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28இல் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு, மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையையும் முன்னெச்சரிக்கைக் கொள்கையையும் இந்தியச் சட்டத்தின் பகுதியாக அறிவித்தது. இன்று நாடெங்கும் சுற்றுச்சூழல் வழக்குகளில் மேற்கோள் காட்டப்படும் தீர்ப்பு அது. இந்த ஆற்றின் பெயரில் எழுந்த சட்டம், இன்னும் இந்த ஆற்றை முழுதாக மீட்கவில்லை. 2025 ஜனவரியிலும் உச்ச நீதிமன்றம் இதே பகுதிக்காக மறுபடி உத்தரவிட வேண்டியிருந்தது.

ஆகவே இங்கே விளையாட்டுப் பட்டுக்கு இரண்டு பரீட்சைகள்: சாயம் குழந்தையின் வாய்க்குப் போனால் என்ன ஆகும்? மிச்சச் சாயத் தண்ணீர் மண்ணுக்குப் போனால் என்ன ஆகும்?

வாங்கிய துணிக்கு வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். வெள்ளைப் பருத்தித் துண்டை நனைத்துப் பிழிந்து, சாயத் துணியோடு சேர்த்துச் சுருட்டி ஒரு மணி நேரம் வைத்துப் பாருங்கள். வெள்ளையில் நிறம் இறங்கியிருந்தால் எச்சிலிலும் இறங்கும். இறங்காவிட்டால் சாயம் ஒட்டியிருக்கிறது என்று பொருள், பாதுகாப்பானது என்று பொருளில்லை. ஆனாலும் முதல் வடிகட்டியாக இது உதவும்.

வீட்டு அடுப்பில்

பட்டுக்குச் சாயமேற்றும் வித்தை நம் ஊருக்குத் தெரியாததல்ல. தோலும் பட்டும் புரதம் என்பதால் இரண்டும் அமிலச் சாயத்தைப் பிடித்துக்கொள்ளும். தோல் ஷாப் டிரம்மில் சாயத்தை ஓடவிட்டுக் கடைசியில் ஃபார்மிக் அமிலம் சேர்த்து நிறுத்துவார்கள். வெளிநாட்டு வீடுகளில் பட்டுக்கு வினிகர் சேர்த்து நிறுத்துகிறார்கள். தத்துவம் ஒன்றே. இதைக் கேட்டதும், "அப்போ டிரம் சாயத்தையே ஒரு பிடி கொண்டாந்தா ஆச்சு" என்று ஒருவர் சொன்னார். கூடாது. ஆலைச் சாயம் ஆலைக்குரியது. சமையலறைப் பாத்திரத்துக்கும் குழந்தை வாய்க்கும் உரியதல்ல.

பெட்டிக்கடையில் உதிரியாகக் கிடைக்கும் கலர்ப் பொடியும் வேண்டாம். 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு பஞ்சுமிட்டாய்க்கு ஏன் தடை போட்டது? அந்த ரோஸ் நிறம் ரோடமின்-பி என்ற துணிச்சாயம் என்பதால்தான். தின்னும் பண்டத்துக்குள் துணிச்சாயம் புகுந்த ஊரில், உதிரிப் பொடியை நம்பித் துணிக்குப் போட முடியாது. உணவுக் கலர்தான் வேண்டுமென்றால் உரிமம் எண்ணும் பெயரும் அச்சிட்ட மூடிய டப்பா மட்டுமே.

எஞ்சுவது அடுக்களையும் நாட்டு மருந்துக் கடையும். மஞ்சள், வெங்காயச் சருகு, தேயிலை, பதிமுகம், கடுக்காய். கடைசிப் பெயரைக் கேட்டதும் வயதான தோல் தொழிலாளிகள் புன்னகைப்பார்கள். குரோமியம் வருவதற்கு முன், ஆவாரம்பட்டையும் கடுக்காயும்தான் இங்கே தோலைப் பதப்படுத்தின.

எங்கள் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்து பார்த்தோம். அக்கா பேத்திக்கு நாலு வயது. வெள்ளைக் கிரேப் சதுரம் ஒன்று. பூந்திக்கொட்டை ஊறிய நீரில் அலசி எடுத்தோம். துணியின் எடையில் ஏழில் ஒரு பங்கு, அதாவது நான்கு கிராம் படிக்காரத்தை வெந்நீரில் கரைத்து, அதில் ஒரு மணி நேரம் ஊற வைத்தோம். விரலி மஞ்சளை வீட்டிலேயே இடித்துத் துணியின் எடைக்கு எடை எடுத்துக்கொண்டோம். உதிரி மஞ்சள்தூளில் நிறத்துக்காக ஈய குரோமேட் கலப்பதுண்டு என்பதால் இந்த முன்யோசனை. தூளை மூட்டை கட்டிக் கொதிக்கவிட்டு, பிறகு தீயைத் தணித்துத் துணியை இறக்கினோம். தளதளவென்று கொதித்தால் பட்டின் பளபளப்பு போய்விடும். விளிம்பில் சின்னக் குமிழி எழும் சூடு போதும். அரை மணியில் துணி சூரியகாந்தியாக வந்தது.

அப்போதுதான் தவறு நடந்தது. அலசும்போது பழக்க தோஷத்தில் நான் துணி சோப்பைத் தொட்ட கையால் ஒரு மூலையைப் பிடித்துவிட்டேன். அந்த மூலை குங்குமமாகச் சிவந்தது. "ஆரத்தி!" என்று கத்தினாள் குழந்தை. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவக்கும் அந்தத் தட்டை எத்தனையோ வாசலில் பார்த்தவள். அரை எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தோம். சிவப்பு மறுபடி மஞ்சளானது. பிறகு ஒரு மணி நேரம் எங்களுக்கு வேறு வேலை இல்லை: சோப்பு, எலுமிச்சை, சோப்பு, எலுமிச்சை. எந்த டப்பாப் பட்டும் அந்த ஒரு மணி நேரத்தைத் தந்திருக்காது.

மஞ்சள் நிறம் வெயிலில் நிற்காது. சில மாதத்தில் வெளுக்கும். அதை ஒரு குறையாகச் சொல்வார்கள். பொங்கலுக்குப் பொங்கல் மறுபடி முக்கிக்கொண்டால் போயிற்று. வெங்காயச் சருகின் பொன்பழுப்பு இன்னும் நன்றாக நிற்கும். பதிமுகம் ரோஜா நிறம் தரும். பீட்ரூட் ஆசை காட்டி ஏமாற்றும். நீலம் மட்டும் வீட்டில் கடினம். அவுரியைப் புளிக்கவைத்துத் தொட்டி கட்டுவது தனித் தொழில்.

கழுத்தும் சக்கரமும்

துணி விளையாட்டின் உண்மையான ஆபத்து கழுத்து. தூளிக் கயிறும் துப்பட்டாவும் இறுகி நேர்ந்த விபத்துகளை நம் ஊர்கள் அறியும். பைக்கின் பின்சக்கரத்தில் புடவை சிக்காமலிருக்கக் காப்புக்கம்பி வேண்டும் என்று சட்டம் போட்ட நாடு இது.

2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். ஐஎஸ் 9873 என்பது தரம். ஒன்றரை வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் பொம்மையில் கயிறு 22 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்பது அதற்கு மூலமான சர்வதேசத் தர விதி. ஏறக்குறைய ஒரு சாண். அதன்படி நினைத்தால் 35 அங்குலத் துணி கைக்குழந்தைக்கு உரியதே அல்ல. சிசுவுக்கு உள்ளங்கைத் துண்டு போதும், அதுவும் பெரியவர் மடியில். தொட்டிலிலும் தூங்கும் இடத்திலும் துணி இருக்கக் கூடாது. மூன்று வயதுக்குமேல் பெரிய சதுரம் தரலாம். கண்பார்வையில் விளையாட வேண்டும். கழுத்தில் முடிச்சுப் போடக் கூடாது. இறக்கை வேண்டுமென்றால் தோளில் செருகலாம். ஊஞ்சல், சைக்கிள், மாடிப்படி, அடுப்பு நான்கின் பக்கமும் துணி போகக் கூடாது.

பட்டே வேண்டுமா?

சுற்றிப் பார்த்தபின் என் கணக்கு இப்படி. மிதந்து இறங்கும் அழகும் விரலில் வழுக்கும் சுகமும் பட்டுக்கே உரியவை. கூடாரம், ரயில், தூளி, புடவை ஆகிய வேலைகளுக்கு மல் துணியோ பழைய சுங்குடியோ பட்டைவிட மேல்: முடிச்சு நிற்கும், துவைக்கலாம், கிழிந்தால் கவலையில்லை. தமிழ்நாட்டில் சுமார் 54 ஆயிரம் அங்கன்வாடிகள் இருக்கின்றன. அங்கே 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்ற பாடத்திட்டப்படி பிள்ளைகள் விளையாடிக் கற்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் இறக்குமதிப் பட்டு என்பது கனவில்கூட நடக்காது. பத்துத் துண்டு மல் துணி என்பது ஒரு கைத்தறிச் சங்கம் நினைத்தால் முடியும். முப்பது பெண்களுக்குமேல் வேலை செய்யும் ஆலையில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே சொன்னது. 2017இல் மகப்பேறு நலச் சட்டத் திருத்தம், ஐம்பது பேர் வேலை செய்யும் நிறுவனங்களுக்கு அதைக் கட்டாயமாக்கியது. ஆயிரக்கணக்கான பெண்கள் தையல் மெஷினில் குனிந்திருக்கும் ஆம்பூர்ப் பகுதியில், ஓரம் அடித்த பத்துச் சதுரத் துணி ஒரு மதிய இடைவேளை வேலை. ஸ்டட்கார்ட் சிகரெட் ஆலையில் தொடங்கியது இங்கே ஷூ ஆலையில் தொடரலாம்.

ஆகவே வீட்டுக்கு ஒரு பட்டு, நான்கு பருத்தி என்பது என் பரிந்துரை. அந்த ஒரு பட்டும் அந்துருண்டை படாத பழைய புடவையிலிருந்தோ, சாயமிடாமல் வாங்கிய மீட்டர் துணியிலிருந்தோ வரட்டும். நிறத்தை மட்டும் கடையிடம் விட்டுவிட வேண்டாம்.

அன்று மாலை மஞ்சள் தண்ணீர் ஒரு குண்டான் மிச்சமிருந்தது. வழக்கம்போல் வாய்க்காலில் கொட்டப் போனேன். "ஏன் அங்க ஊத்தற? முருங்கைக்கு ஊத்து" என்றாள் அக்கா. படிக்காரம் கொஞ்சம் இருக்கிறதே என்று இரண்டு வாளி நீர் கலந்து ஊற்றினேன். மரத்தடி மண் சற்று நேரம் மஞ்சளாக இருந்து, பிறகு மண்ணாகிவிட்டது. குழந்தை அதற்குள் துணியின் மூலையை வாயில் வைத்திருந்தாள். அதைப் பிடுங்க வேண்டும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.